சிறையிலிருந்த தலைவர்

"கட்சிக்குப் புதிய தலைவர் யார்?"

"ஈ. வெ. இராமசாமி."

"எங்கே அவர்? மேடையில் காணோமே!"

"பெல்லாரிச் சிறையில்!"

1938ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 29ஆம் நாள், சென்னைக்கு வந்திறங்கிய வெளியூரார் எவரேனும் இப்படிக் கேட்டிருந்தால், இந்த விடைதான் கிடைத்திருக்கும். தென்னிந்திய நல உரிமைச் சங்கம், நாடறிந்த பெயரில் சொல்வதானால் நீதிக்கட்சி, அன்று தன் பதினான்காவது மாகாண மாநாட்டைக் கூட்டியிருந்தது. அந்த மாநாட்டில் கட்சி தேர்ந்தெடுத்த தலைவர், மாலையை ஏற்க மேடைக்கு வர இயலாதவர். கம்பிகளுக்குப் பின்னே கடுங்காவல் கைதி. அவருடைய தலைமையுரையைத் தளபதி ஏ. டி. பன்னீர்செல்வம் படித்தார், நாடு கேட்டது.

அதே நாளில் தாம்பரத்திலும் ஒரு மாநாடு! சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரத்து நெரிசலை விட்டு 1937இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது. அந்தப் புதிய வளாகத்தில் அனைத்துலகக் கிறித்தவ ஊழிய மன்றத்தின் மாநாடு டிசம்பர் 12இல் தொடங்கி 29இல் நிறைவுற்றது. ஏறத்தாழ எழுபது நாடுகளின் பேராளர்கள் கூடியிருந்தனர். போர் மேகம் சூழ்ந்த உலகில் தங்கள் சமயத்தின் எதிர்காலம் என்ன என்று அவர்கள் ஆய்ந்தனர். உலகத்துச் சமய ஏடுகளில் தாம்பரம் என்ற பெயர் அன்று முதல் நிலைத்தது.

தாம்பரத்தையும் கடற்கரையையும் மின்சார இரயில் இணைத்தது 1931இல். அந்தப் பாதையின் ஒரு முனையில் உலக மாநாடு. மறுமுனை நோக்கிச் சென்றால், தோற்றுத் துவண்ட ஒரு கட்சியின் மாநாடு. முன்னதை உலகம் உற்றுநோக்கிற்று. பின்னதை, "செத்த கட்சிக்குத் திதி நடக்கிறது" என்று ஏளனம் செய்வது எளிதாயிருந்தது. ஆயினும் அடுத்த தலைமுறைத் தமிழகத்தின் அரசியலை உருவாக்கியது அந்தத் திதியா, திருப்பமா? வரலாறு விடை தந்துவிட்டது. அந்த விடையை ஆராய்வதே நம் வேலை.

தேர்தலில் தோற்ற கட்சி தலைவரை மாற்றுவது உலகெங்கும் காணும் நிகழ்ச்சிதான். எவரை நீக்கினார்கள், எவரை அமர்த்தினார்கள் என்பது செய்தி. எந்தக் கேள்வியைக் கேட்டுத் தேடினார்கள் என்பதே வரலாறு. நீதிக்கட்சி தன் வாழ்நாளில் பலமுறை தலைவரைத் தேடிற்று. ஒரே ஒரு முறைதான் சரியான கேள்வியைக் கேட்டது. அந்த ஒரு முறைதான் டிசம்பர் 29.

மாம்பலத்துப் பெயர்ப்பலகைகள்

அந்த மின்சார இரயிலில் ஏறி மாம்பலத்தில் இறங்குவோருக்குக் கட்சியின் இளமைக் காலம் கண்ணெதிரே தெரியும். மாம்பலத்து ஏரி தூர்க்கப்பட்டு, 1920களில் எழுந்த புதுநகருக்குப் பெயர் தியாகராயநகர். நடுவே பனகல் பூங்கா. சற்றுத் தள்ளி நடேசன் பூங்கா. வணிகர் பிட்டி தியாகராயர், ஜமீன்தார் பனகல் அரசர், மருத்துவர் நடேசனார் ஆகிய மூவர் பெயரும் மண்ணோடு கலந்து கிடக்கின்றன.

1916இல் பிறந்த கட்சி, 1920இல் முதல் தேர்தலைச் சந்தித்தது. தேர்ந்தெடுக்கப்படும் 98 இடங்களில் 63 கிடைத்தன. காங்கிரசு தேர்தலைப் புறக்கணித்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கவர்னர் வில்லிங்டன், மந்திரிசபை அமைக்கத் தியாகராயரை அழைத்தார். தியாகராயர் மறுத்துவிட்டார். சுப்பராயலு ரெட்டியார் முதன்மந்திரியானார். அவருக்குப்பின் 1921இல் பனகல் அரசர். தியாகராயரோ கட்சித் தலைவராகவே இருந்தார்.

இந்த மறுப்பைப் பலர் பெருந்தன்மை என்று பாராட்டி நிறுத்திவிடுவர். அது பெருந்தன்மைதான். ஆனால் அதற்குள் ஓர் அமைப்பு முறையும் இருந்தது. கட்சி ஓரிடம், ஆட்சி ஓரிடம். ஆட்சியைத் தட்டிக்கேட்கக் கட்சிக்கு ஒரு தலைவர். பெண்களுக்கு வாக்குரிமை, வகுப்புரிமை ஆணை ஆகிய இரண்டும் 1921இல் வந்தவை. அறநிலையங்களைக் கண்காணிக்கும் சட்டம் அதன்பின் வந்தது. இவற்றைச் செய்த காலம் அந்தக் காலம்.

1925 ஏப்ரலில் தியாகராயர் மறைந்தார். முதன்மந்திரி பனகல் அரசரே கட்சித் தலைவருமானார். கட்சியும் ஆட்சியும் ஒரே நாற்காலியில் அமர்ந்தன. அடுத்த ஆண்டே, 1926 தேர்தலில், கட்சிக்குக் கிடைத்தவை 21 இடங்கள். முதல் பெருந்தோல்வி! அதற்குக் கட்சி கண்ட மருந்து என்ன? 1927இல் கோயமுத்தூரில் கூடி, விரும்புவோர் காங்கிரசிலும் சேரலாம் என்று தீர்மானித்தது. தோல்விக்குக் காரணம் தேடாமல், வென்றவன் வீட்டுக்குள் நுழைய வழி தேடிற்று.

1928 டிசம்பரில் பனகல் அரசர் மறைந்தார். பின்னர் முனுசாமி நாயுடு தலைவரானார். 1930 தேர்தலில் வெற்றி; மீண்டும் மந்திரிசபை. இரண்டே ஆண்டுகள்! 1932 அக்டோபரில் தஞ்சையில் கூடிய மாநாட்டில் கட்சி இரண்டுபட்டு அடித்துக்கொண்டது. முனுசாமி நாயுடு வீழ்த்தப்பட்டார், பொப்பிலி அரசர் தலைவரானார், முதன்மந்திரியும் ஆனார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. ஆற்றல் இல்லாதவர் அல்லர். ஆனால் அவரை உயர்த்தியவர்கள் கேட்ட கேள்வி என்ன? "மந்திரிசபையைப் பிடிக்கவும் நடத்தவும் வல்லவர் யார்? செலவிடச் செல்வம் உள்ளவர் யார்?" என்பதுதான்.

கேள்வி கோணலானால் விடை நேராகுமா?

பெட்டிகள் திறந்தபோது

தோல்வி திடீரென்று 1937இல் வானத்திலிருந்து விழவில்லை. 1929க்குப்பின் உலகைப் பிடித்த பொருளாதார மந்தம் தஞ்சை உழவனையும் தாக்கிற்று. நெல் விலை சரிந்தது, நிலவரி சரியவில்லை. கடன் ஏறிற்று, கண்ணீர் பெருகிற்று. ஆட்சியிலிருந்தது நீதிக்கட்சி. வரியை நிர்ணயிக்கும் அதிகாரம் முழுதும் மந்திரிகள் கையில் இல்லை என்பது உண்மை. இரட்டையாட்சி என்பது அதிகாரத்தைக் கவர்னரிடம் வைத்துக்கொண்டு பழியை மந்திரியிடம் கொடுக்கும் ஏற்பாடு. ஆனால் மக்களுக்காக வாதாடும் குரலாவது உரத்து ஒலித்ததா? ஜமீன்தாரர் தலைமையில் நிலவரி பற்றிய குரல் எப்படி உரத்து ஒலிக்கும்!

மற்றொன்று, மந்திரிகளின் சம்பளம். மாதம் நாலாயிரம் ரூபாய்க்கு மேல்! காங்கிரசு தன் மந்திரிகளுக்கு ஐந்நூறு ரூபாய் என்று முன்பே முடிவு செய்திருந்தது. ஊர் வாடும்போது இந்த இரண்டு எண்களையும் மேடையில் அடுத்தடுத்துச் சொன்னால் போதும். வேறு பேச்சே வேண்டியதில்லை.

மூன்றாவது காரணம் ஆழமானது. 1935ஆம் ஆண்டுச் சட்டம் வாக்குரிமையை விரிவாக்கிற்று. முன்பு சிறு தொகையினர் மட்டுமே வாக்களித்தனர். ஊர்ப் பெரியவர் சிலரைக் கண்டு பேசினால் தேர்தல் முடிந்தது. இப்போது பல இலட்சம் புதியவர்கள் வாக்குச் சாவடிக்கு வந்தனர். அவர்களைத் தேடிக் காங்கிரசு தெருத் தெருவாய்ச் சென்றது, கொடி பிடித்தது, பாட்டுப் பாடிற்று. நீதிக்கட்சியோ பழைய ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையிலேயே காத்திருந்தது. நாட்டில் வாக்காளர் மாறிவிட்டார். கட்சியில் முகவரி மாறவில்லை.

பெட்டிகள் திறந்தன. சட்டசபையின் 215 இடங்களில் காங்கிரசுக்கு 159. நீதிக்கட்சிக்கு இருபதுக்கும் குறைவு. பொப்பிலியிலேயே பொப்பிலி அரசரை வி. வி. கிரி வென்றார். தன் கோட்டையிலேயே தோற்ற அரசர், ஒதுங்கிக்கொண்டார். 1937 ஜூலையில் இராசகோபாலாச்சாரியார் மந்திரிசபை அமைத்தார்.

பட்டம் பெற வந்தவர் பறந்தனர். பதவி தேடி வந்தவர் பாதை மாறினர். கட்சி வீழ்ந்தது என்று எதிரி சொன்னான், கட்சிக்காரரும் நம்பினர்.

பல்லாவரம் விழித்தது

இங்கேதான் மின்சார இரயில் பாதையில் மற்றொரு நிலையத்தில் இறங்கவேண்டியிருக்கிறது. இன்று தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கிவிட்ட பல்லாவரம், அன்று சென்னைக்குத் தெற்கே அமைதியான சிற்றூர். 1911 முதல் மறைமலையடிகள் வாழ்ந்த ஊர். தனித்தமிழ் இயக்கத்தின் தாயகம். அடிகள் சைவர், சமயப் பற்றில் ஊறியவர். தன்மான இயக்கத்தின் கடவுள் மறுப்பை அவர் கடுமையாக எதிர்த்தவர். ஈரோட்டுக்கும் பல்லாவரத்துக்கும் இடையே இருந்த தொலைவு, இரயில் பாதையின் தொலைவினும் பெரிது!

அந்தத் தொலைவைக் குறைத்தவர் முதன்மந்திரி இராசகோபாலாச்சாரியார். ஆட்சிக்கு வந்த வேகத்தில், பள்ளிகளில் இந்தி கட்டாயம் என்றார். 1938 ஏப்ரலில் 125 பள்ளிகளுக்கு ஆணை பிறந்தது. தமிழ்ப் புலவர் கொதித்தனர். நாவலர் சோமசுந்தர பாரதியார் முன்வந்தார், கி. ஆ. பெ. விசுவநாதம் முன்வந்தார், பல்லாவரத்து அடிகளும் எதிர்ப்பு மேடை ஏறினார். திருநீறு பூசிய நெற்றியும் கறுப்புச் சட்டை அணியப்போகும் மார்பும் ஓரணியில் நின்றன. இருவரும் தத்தம் கொள்கையை விடவில்லை. மொழி என்ற பொதுமண்ணில் கால் ஊன்றினர்.

ஆகஸ்டு முதல் நாள் திருச்சியிலிருந்து ஒரு தமிழர் படை புறப்பட்டது. குமாரசாமிப் பிள்ளையும் பட்டுக்கோட்டை அழகிரிசாமியும் முன்னடத்தினர். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உடன் நடந்தார். நாற்பது நாட்களுக்கு மேல் நடை. ஊர் தோறும் கூட்டம். செப்டம்பர் 11இல் படை சென்னைக்கு வந்துசேர, கடற்கரையில் பெருங்கூட்டம் திரண்டது. "தமிழ்நாடு தமிழருக்கே" என்ற முழக்கம் அங்கே எழுந்தது.

சென்னையில் இந்து தியாலாஜிகல் பள்ளி முன் மறியல். தியாகராயநகரில் முதன்மந்திரியின் வீட்டு முன் மறியல். விந்தையைப் பாருங்கள்! நீதிக்கட்சி அமைத்த நகரில், நீதிக்கட்சித் தலைவர் பெயர் தாங்கிய நகரில், முதன்மந்திரி குடியிருக்கிறார். வெளியே தெருவில், நீதிக்கட்சி ஒருநாளும் கண்டறியாத ஏழை இளைஞர்கள் முழங்கிக்கொண்டு சிறைக்குப் போகிறார்கள். பெயர்ப்பலகையில் இருந்த கட்சி தெருவுக்கு இறங்கிய நாட்கள் அவை.

நவம்பர் 13ஆம் நாள் சென்னை ஒற்றவாடை அரங்கில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு. தலைமை தாங்கியவர் அடிகளின் மகளார் நீலாம்பிகை அம்மையார். அந்த மாநாடுதான் ஈ. வெ. இராமசாமிக்குப் 'பெரியார்' என்ற பெயரை வழங்கிற்று. மறுநாளே பெண்கள் மறியல் செய்து சிறை புகுந்தனர். கைக்குழந்தையோடு போன தாய்மாரும் உண்டு. பெண்களைத் தூண்டினார் என்று பெரியார்மீது வழக்கு. டிசம்பர்த் தொடக்கத்தில் கடுங்காவல் தண்டனை. அப்போது அவருக்கு அகவை ஐம்பத்தொன்பது.

போராட்டம் முடிவதற்குள் சிறை சென்றோர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர்.

டிசம்பர் 29

இப்போது அந்த மாநாட்டுப் பந்தலுக்குத் திரும்புவோம். கூடியிருந்தோர் முன் இரண்டு வழிகள் இருந்தன.

ஒன்று பழைய வழி. கட்சியில் இன்னும் செல்வர் இருந்தனர். பட்டம் பெற்றவர் இருந்தனர். மந்திரியாயிருந்த அனுபவசாலிகள் இருந்தனர். அவருள் ஒருவரைத் தலைவராக்கி, காங்கிரசு தவறு செய்யும் நாளுக்குக் காத்திருக்கலாம். ஆங்கிலேயக் கவர்னர் மீண்டும் அழைக்கும் நாள் வராமலா போகும்!

மற்றொன்று புதிய வழி. "நம் கொள்கைக்காக இன்று அடிபடுகிறவர் யார்? எவர் அழைத்தால் மக்கள் சிறைக்குப் போகிறார்கள்?" என்று கேட்பது. இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு விடைதான் இருந்தது. அந்த விடை பெல்லாரியில் இருந்தது.

பெரியார் நீதிக்கட்சியின் வாரிசு வரிசையில் வந்தவர் அல்லர். காங்கிரசில் உழைத்து, வகுப்புரிமைத் தீர்மானத்தை முன்வைத்துத் தோற்று, 1925இல் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து வெளியேறியவர். தன்மான இயக்கத்தைத் தனியே வளர்த்தவர். நீதிக்கட்சியை ஆதரித்த காலத்திலும் அதன் செல்வர்களைக் கண்டிக்கத் தயங்காதவர். தேர்தலில் நின்று சட்டசபைக்குப் போகவேண்டும் என்ற வேட்கை அவருக்கு இருந்ததே இல்லை. அத்தகைய ஒருவரைத் தலைவராக்குவது என்றால், கட்சி தன் பழைய வாழ்க்கைக்கே முடிவு கட்டுகிறது என்று பொருள். கட்சி துணிந்தது.

பன்னீர்செல்வத்தின் பங்கை இங்கே மறந்துவிடலாகாது. மந்திரியாயிருந்தவர், சட்டசபையில் இந்தித் திணிப்பை எதிர்த்து வாதாடிய வல்லவர், தாமே தலைமைக்குத் தகுதி உடையவர். அவர், வராத தலைவரின் உரையை வந்திருந்தோருக்குப் படித்தார். தலைவராகத் தகுந்தவர் தொண்டராக நின்ற காட்சி அது. 1940 மார்ச் முதல் நாள், இந்தியா மந்திரியின் ஆலோசகராக இலண்டன் சென்றபோது, ஓமான் வளைகுடாப் பகுதியில் விமானத்தோடு அவர் மறைந்துபோனார். தமிழகம் அழுதது.

இப்படி ஒரு தேர்வு நம் நாட்டுக்கு மட்டும் உரிய விந்தையா? இல்லை. 1931இல் இங்கிலாந்தின் தொழிற்கட்சி இதேபோல் நொறுங்கிற்று. பிரதமர் மக்டொனால்டு எதிரணியோடு கூடி ஆட்சி அமைத்தார். கட்சி அவரை நீக்கிற்று. தேர்தலில் மந்திரிகளாயிருந்த பெருந்தலைகள் ஏறத்தாழ எல்லாரும் உருண்டனர். 1932இல் தலைமைக்கு வந்தவர் ஜார்ஜ் லான்ஸ்பரி. 1921இல், ஏழைகள்மீது அநீதியான வரிச்சுமை கூடாதென்று இலண்டனின் பாப்லர் பகுதியில் போராடிச் சிறை சென்ற நகர்மன்ற உறுப்பினர் அவர். மூன்றாண்டுகள் கட்சியின் உயிரைக் காத்தார். 1935இல் அவர் விலகியபின் அட்லி வந்தார். பத்தாண்டு கழித்து, 1945இல், 393 இடங்களோடு தொழிற்கட்சி ஆட்சி பீடம் ஏறிற்று. தோல்வியின் மறுநாள் தேவைப்பட்டவர், தம்மோடு நின்றவர் என்று மக்கள் நம்பக்கூடியவர். வெற்றிக்கு வழி வகுப்பவர் அதன்பின் வரலாம்.

தேர்வுக்குக் கொடுத்த விலை

டிசம்பர் 29 எல்லாவற்றையும் இனிதாக்கிவிட்டது என்று எழுதினால், அது வரலாறு ஆகாது, புராணம் ஆகிவிடும். புராணத்தை வெறுக்கும் நாம் நம்மைப்பற்றியே புராணம் எழுதலாமா?

விலை இருந்தது. மாநாடு முடிந்து இரண்டு வாரங்கள் கழித்து, 1939 ஜனவரி 15இல், சிறையில் நோயுற்ற இளைஞர் நடராசன் மாண்டார். மார்ச்சில் தாளமுத்து மாண்டார். அவ்விருவர் பெயரையும் சேர்த்து எழும்பூரில் ஒரு மாளிகை இன்று தாங்கி நிற்கிறது. பெரியார் 1939 மே மாதம் விடுதலையானார். அக்டோபரில் இராசகோபாலாச்சாரியார் மந்திரிசபை விலகிற்று. 1940 பிப்ரவரியில் கட்டாய இந்தி ஆணை திரும்பப் பெறப்பட்டது. போராட்டம் வென்றது.

ஆனால் கட்சி? தெலுங்கு, மலையாள, கன்னடப் பகுதிகளையும் தழுவி நின்ற பழைய மாகாணக் கட்சி, இப்போது நடைமுறையில் தமிழர் கட்சியாகச் சுருங்கிற்று. ஆந்திர ஜமீன்தாரர் அகன்றனர். தேர்தல் வெற்றியும் வரவில்லை. 1946 தேர்தலில் கட்சி போட்டியிடவே இல்லை. "தோற்ற கட்சிக்குத் தலைவர் எதற்கு? மீண்டும் வெல்லத்தானே!" என்போர் கண்ணில், இது தோல்வியின் தொடர்ச்சி.

உள்ளேயும் பூசல் மூண்டது. 1944 ஆகஸ்டு 27, சேலம். அண்ணாதுரை தீர்மானம் என்று வரலாறு குறிக்கும் தீர்மானம் வந்தது. ஆங்கில ஆட்சி தந்த பட்டங்களைத் துறக்கவேண்டும். கௌரவப் பதவிகளை உதறவேண்டும். பெயருக்குப் பின்னே தொங்கும் சாதிப் பட்டத்தை வெட்டவேண்டும். கட்சியின் பெயர் திராவிடர் கழகம் ஆயிற்று. சர் பட்டமும் ராவ்பகதூர் பட்டமும் பெற்றோர் நெளிந்தனர். பி. டி. ராசன் முதலானோர் பழைய பெயரையே வைத்துக்கொண்டு தனியே நடந்தனர். 1952 தேர்தலுக்குப்பின் அந்தப் பழைய பெயர் அரசியலில் மங்கி மறைந்தது.

1938இல் தேர்ந்தெடுத்தது ஒரு தலைவரை என்று பலர் எண்ணினர். தேர்ந்தெடுத்தது ஒரு மக்கள் கூட்டத்தை! மாளிகையா, மண்குடிசையா என்ற வழக்குக்கு அன்று தீர்ப்பு. சேலத்தில் அதன் நிறைவேற்றம். தீர்ப்பை வரவேற்றவர் சிலர், நிறைவேற்றத்தின்போது நழுவினர். எந்தக் கட்சியிலும் இது நிகழும். புதிய தலைவருக்குக் கை தட்டுவது எளிது. அந்தத் தலைமை கேட்கும் விலையைக் கொடுப்பது அரிது.

பரங்கிமலை வரை

1949 செப்டம்பரில் மற்றொரு பிரிவு. கொட்டும் மழையில் இராபின்சன் பூங்காவில் திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றிற்று. தலைவர் நாற்காலியைப் பெரியாருக்கென்று காலியாகவே விட்டுவிட்டு, பொதுச்செயலாளராக அண்ணா பொறுப்பேற்றார். 1938இல் தலைவர் இருந்தார், மேடையில் இல்லை. 1949இல் நாற்காலி இருந்தது, அமர்வாரில்லை. பாசத்தின் அடையாளம் அது என்பதில் ஐயமில்லை. நாற்காலி இல்லாமலும் ஒரு கழகம் நடக்கமுடியும், கொள்கையும் அமைப்பும் இருந்தால் போதும் என்பதற்கும் அது சான்றாயிற்று.

1962 தேர்தலில் கழகத்துக்கு 50 இடங்கள். ஆனால் காஞ்சிபுரத்தில் அண்ணா தோற்றார்! தோற்றவரை நீக்கவேண்டும் என்பது விதியானால், அன்றே அவரை நீக்கியிருக்கவேண்டும். கழகம் அப்படிச் செய்யவில்லை. அவரை மாநிலங்களவைக்கு அனுப்பிற்று. தொகுதி தோற்றது, கொள்கை தோற்கவில்லை என்று கணக்கிட்டது. பகுத்தறிவு என்பது கடவுளைப் பற்றி மட்டும் கேள்வி கேட்பதன்று. தேர்தல் முடிவைப் பற்றியும் காரண காரியத்தோடு கேட்பது.

1967இல் அந்தக் கணக்குச் சரியென்று தெரிந்தது. நாடாளுமன்றத்துக்குத் தென்சென்னை அண்ணாவைத் தேர்ந்தது. பரங்கிமலை, குண்டடிபட்டு மருத்துவமனையில் கிடந்த எம். ஜி. இராமச்சந்திரனைத் தேர்ந்தது. சைதாப்பேட்டை கருணாநிதியைத் தேர்ந்தது. மாம்பலமும் பல்லாவரமும் அடங்கிய அந்த மின்சார இரயில் பாதையின் மக்கள், முப்பதாண்டுகளுக்குமுன் தெருவில் தொடங்கியதை வாக்குப் பெட்டியில் முடித்தனர்.

அன்று தோற்றது காங்கிரசு. ஸ்ரீபெரும்புதூரில் முதலமைச்சர் பக்தவத்சலம் வீழ்ந்தார். விருதுநகரில் காமராசரே மாணவர் தலைவர் சீனிவாசனிடம் தோற்றார். காமராசரின் உழைப்பையும் ஏழைப் பிள்ளைகளுக்கு அவர் திறந்த பள்ளிகளையும் எவரும் மறுக்கமுடியாது. 1969 ஜனவரியில் நாகர்கோயில் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிற்று. தலைவரைக் காப்பாற்றிக்கொண்டது காங்கிரசு, ஆனால், "1965இல் மாணவர் ஏன் நம்மை விட்டுத் தெருவுக்குப் போயினர்?" என்று தன்னையே கேட்டுக்கொள்ள அதற்கு நேரமில்லை. அந்த ஆண்டின் இறுதியில் அனைத்திந்தியக் காங்கிரசே இரண்டாயிற்று. மாநிலத்தின் ஆட்சி பீடத்தை அந்தக் கட்சி அதன்பின் கண்டதில்லை.

வென்றவர்க்கும் இது பாடம். 1926இல் தோற்ற நீதிக்கட்சியும் ஒரு காலத்தில் 63 இடங்கள் வென்ற கட்சிதான்!

இளைஞரின் கடமை

தோழர்களே! வெற்றியும் தோல்வியும் மாறி மாறி வரும். எந்தக் கட்சியும் என்றேனும் ஒருநாள் தோற்கும். அந்த நாளில் மூலைக்கு மூலை, "தலைவரை மாற்று" என்ற கூக்குரல் எழும். அப்போது உங்கள் கையில் இருக்கவேண்டியது மூன்று கேள்விகள்.

நம்மை விட்டுப் போனவர் யார், ஏன் போனார்? 1937இல் உழவன் போனான்; நிலவரியால் போனான். இதைக் கேளாமல் ஆளை மாற்றுவது, நோயாளியை விட்டுவிட்டுப் படுக்கையை மாற்றுவது போன்றது.

நாம் பேசும் கொள்கைக்காக இன்று பாடுபடுவோர் எங்கே இருக்கின்றனர்? அவர்கள் நம் செயற்குழுவில் இல்லாமலிருக்கலாம். நமக்கு மாறுபட்ட கருத்துடையவராயும் இருக்கலாம். பல்லாவரத்து அடிகள் அப்படித்தான் வந்தார்.

தேர்ந்தெடுக்கும் தலைவர் கேட்கப்போகும் விலையைக் கொடுக்க ஆயத்தமா? சேலம் வரும். கட்டாயம் வரும். அப்போது நழுவுவதானால், இப்போதே கை தூக்காதிருப்பது நேர்மை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அவதாரத்தை மறுக்கும் நாம், தலைவரை அவதாரமாக்கக்கூடாது. 1938இல் பெரியாரைத் தேர்ந்தது அவர் ஆண்டவனின் தூதர் என்பதற்காக அன்று. அவர் வாதத்தில் உண்மை இருந்தது, வாழ்வில் துணிவு இருந்தது, அவர் பின்னே உழைக்கும் மக்கள் இருந்தனர் என்பதற்காக. அந்த மூன்றையும் ஒவ்வொரு தலைவரிடமும், ஒவ்வோர் ஆண்டும், புதிதாக எடைபோட்டுப் பார்க்கும் உரிமை தொண்டனுக்கு உண்டு. அந்த உரிமையை இழந்த கட்சி, தேர்தலில் வென்றாலும் உள்ளே தோற்ற கட்சியே.

தாம்பரத்து மின்சார இரயிலில் இன்றும் ஒவ்வொரு காலையும் பல்லாயிரம் இளைஞர் ஏறுகின்றனர். பல்லாவரத்தில் சிலர், பரங்கிமலையில் சிலர், மாம்பலத்தில் பலர். அவர்களில் எத்தனை பேருக்கு இந்த நிலையங்களின் கதை தெரியும்? தெரியச் செய்வது உங்கள் வேலை. தலைவர்கள் பூங்காவுக்குப் பெயராகி நின்றுவிடுவர். கேள்வி கேட்கும் தொண்டன் இருக்கும்வரைதான் கட்சிக்கு உயிர் இருக்கும்.